எழுத்து வகுப்பிலிருந்து நூலகரை நீக்காதீர்கள்: கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த கல்வியாண்டு முதல், மூலங்களைத் தேடிப் படித்துக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் முதலாண்டு எழுத்துப் பாடத்தில் நூலகர்கள் நடத்தும் வகுப்புகள் இருக்காது. அவற்றுக்குப் பதிலாகப் பருவத் தொடக்கத்தில் ஒரு காணொளியும் அதன் முடிவில் சிறிய வினாடி வினாவும் இருக்கும். வாசகர் உதவி மேசை, நூல் வழங்கும் கவுன்டருடன் இணைக்கப்படும். உங்கள் சுற்றறிக்கை சொல்வது இது. அதற்கு மூன்று காரணங்கள் காட்டியிருக்கிறீர்கள். மாணவர்கள் இணையத்தில் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். உதவி மேசைக்கு வரும் கேள்விகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன.

அந்த மேசையில் அமர்ந்து பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களோடு பேசிவரும் நூலகர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் மூன்று காரணங்களும் நான் நாள்தோறும் பார்ப்பதோடு பொருந்தவில்லை. முடிவெடுக்கும் முன் நூலகர்களில் ஒருவரையோ எழுத்துப் பாட ஆசிரியர்களில் ஒருவரையோ நீங்கள் அழைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடியதை இப்போது எல்லோரும் படிக்கும்படி சொல்கிறேன்.

பருவத்தின் நான்காம் வாரத்திலோ ஐந்தாம் வாரத்திலோ மேசைக்கு வரும் ஒரு மாணவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். "சமூக ஊடகமும் இளைஞர்களும்" என்று ஒரு தலைப்பு. தேடியபோது லட்சக்கணக்கில் முடிவுகள் வந்திருக்கும். முதல் பக்கத்தில் இருந்தவற்றில் சிலவற்றைத் திறந்து, இரண்டை அச்செடுத்து, பாதிப் பக்கத்துக்கு மஞ்சள் மை பூசியிருப்பார். "இன்னும் இரண்டு கட்டுரை எடுத்துக் கொடுங்கள், போதும்" என்பார். எடுத்துக் கொடுப்பது எளிது. ஆனால் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவரால் எதுவும் எழுத முடியாது. அவரிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை.

அதனால் உட்காரச் சொல்கிறோம். இளைஞர் என்றால் எந்த வயது? பள்ளியில் படிப்பவரா, வேலைக்குப் போகிறவரா? ஊடகம் என்று எதைச் சொல்கிறீர்கள், காணொளி பார்ப்பதையா, நண்பர்களோடு பேசுவதையா? இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரம் ஆகும். அப்படி ஒரு மாணவி சொன்னார்: "என் தங்கை இரவு இரண்டு மணிவரை போனைப் பார்க்கிறாள். காலையில் அவளை எழுப்பவே முடிவதில்லை." அதற்குமேல் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இரவில் திரையைப் பார்ப்பது பதின்பருவத்தினரின் உறக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று அவரே ஒரு தாளில் எழுதினார்.

அந்த வரியிலிருந்து தேடுசொற்களைப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வேறு என்னென்ன சொற்களைப் பயன்படுத்துவார்கள் என்று யோசித்தோம். பதின்பருவத்தினர் என்று ஒருவர் எழுதுவார், வளரிளம் பருவத்தினர் என்று இன்னொருவர் எழுதுவார். உறக்கக் குறைவு என்பார் ஒருவர், உறக்கத்தின் தரம் என்பார் மற்றொருவர். ஒரே பொருள் தரும் சொற்களை "அல்லது" என்ற கட்டளையால் சேர்த்து, வெவ்வேறு கருத்துகளை "மற்றும்" என்ற கட்டளையால் இணைத்து, சொற்றொடர்களை மேற்கோள் குறிக்குள் வைத்து ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் தேடினால் லட்சம் முடிவுகள் சில நூறாகக் குறையும். தரவுத்தளமே கட்டுரைகளுக்குச் சூட்டியிருக்கும் பொருள் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டால் இன்னும் குறையும். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டதும் அதன் பின்னால் இருக்கும் நூற்பட்டியல் வழியாகப் பழைய ஆய்வுகளுக்குப் போகலாம். அதைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் புதிய ஆய்வுகளுக்கு வரலாம்.

இதையெல்லாம் காணொளியில் காட்ட முடியும் என்று நீங்கள் சொல்லலாம். காட்டலாம்தான். ஆனால் அந்த மாணவியோடு நடந்தது அங்கே முடியவில்லை. அவர் எடுத்த இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஒன்று பாதிப்பு பெரிது என்றது, மற்றொன்று மிகச் சிறிது என்றது. "இதில் எது சரி?" என்று கேட்டார். எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள் என்றேன். ஒன்றில், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று பிள்ளைகளையே கேட்டு எழுதியிருந்தார்கள். மற்றொன்றில், கையில் கட்டும் கருவியைக் கொண்டு அளந்திருந்தார்கள். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "அப்படியானால் இதையே எழுதலாமா?" என்றார். எழுதினார். அந்த முரண்பாடுதான் அவருடைய கட்டுரையின் நடுப்பகுதி ஆனது. வகுப்பில் அவருக்கு எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் பிறகு என்னைத் தேடி வந்து, அந்த மாணவி முதன்முறையாக ஒரு வாதத்தை எழுதியிருக்கிறார் என்று சொன்னார். தேடலும் எழுத்தும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி என்னிடம் இல்லை.

மாணவர்கள் தாங்களே தேடிக்கொள்கிறார்கள் என்ற உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன். தேடுகிறார்கள், மறுக்கவில்லை. தேடி எடுத்ததை என்ன செய்கிறார்கள் என்பதல்லவா எழுத்துப் பாடத்தின் கேள்வி? அமெரிக்காவில் சாண்ட்ரா ஜேமிசன், ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற இரண்டு எழுத்துப் பேராசிரியர்கள் 16 கல்லூரிகளின் முதலாண்டு எழுத்து வகுப்புகளிலிருந்து 174 கட்டுரைகளைத் திரட்டி, அவற்றில் இருந்த 1,911 மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டார்கள். 46 விழுக்காடு மேற்கோள்கள் மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. முதல் இரண்டு பக்கங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 70 விழுக்காடு. படித்ததைத் தொகுத்துச் சுருக்கமாகச் சொன்ன இடங்கள் 6 விழுக்காடுதான். மாணவர்கள் கட்டுரைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவற்றுக்குள் போவதில்லை. ஒரு வாக்கியத்தைப் பிய்த்து எடுத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். ஆய்விதழ்க் கட்டுரையை எந்த வரிசையில் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கதை படிப்பதுபோல முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்றாம் பத்தியில் புள்ளியியல் வந்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள். முதலில் சுருக்கத்தைப் படியுங்கள், பிறகு முன்னுரையின் கடைசிப் பத்திக்குப் போங்கள், அங்கேதான் கேள்வி இருக்கும். அதன்பின் நேராக விவாதப் பகுதிக்குப் போங்கள், அதற்குப் பிறகு முறையியலுக்குத் திரும்பி வாருங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டுரையை வைத்துக் காட்டினால் போதும், அடுத்த கட்டுரையை அவர்களாகவே படிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது. நூலக அலமாரிகளைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதை நாங்கள் விட்டுப் பல காலம் ஆகிறது.

காணொளியைப் பொறுத்தவரை, எனக்கு அதன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நூலக நேரம், கடன் விதிகள், வெளியிலிருந்து தரவுத்தளத்துக்குள் நுழையும் முறை, இவற்றைக் காணொளியில் சொல்வதே நல்லது. தேவைப்படும்போது திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பருவத்தின் முதல் வாரத்தில் காட்டும் எதுவும் ஐந்தாம் வாரத்துத் திகைப்புக்கு உதவாது. கரோல் குல்தாவ் என்ற நூலகவியல் பேராசிரியர் மாணவர்களைக் கட்டுரை வேலையின் தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடர்ந்து, அவர்கள் கடக்கும் ஆறு கட்டங்களை விவரித்தார். பணியை ஏற்பது, தலைப்பைத் தேர்வது, தேடி ஆராய்வது, நோக்கை வரையறுப்பது, சேகரிப்பது, எழுதிக் கொடுப்பது. தலைப்பைத் தேர்ந்ததும் மாணவருக்கு ஒரு தெம்பு வருகிறது. ஆனால் மூன்றாம் கட்டத்தில், படிக்கப் படிக்கக் குழப்பமும் ஐயமும் கூடுகின்றன. முரணான செய்திகள் வருகின்றன, எது முக்கியம் என்று தெரிவதில்லை. நான்காம் கட்டத்தில் தமக்கென ஒரு நோக்கு கிடைத்த பிறகே நம்பிக்கை திரும்புகிறது. மாணவர் கைவிடுவதும், யாரோ எழுதியதைத் தூக்கி ஒட்டுவதும், தலைப்பையே கடைசி நிமிடத்தில் மாற்றுவதும் அந்த மூன்றாம் கட்டத்தில்தான். நாங்கள் வகுப்புக்குள் வருவதும் சரியாக அந்த வாரங்களில்தான், எழுத்தாசிரியரோடு பேசி நாள் குறித்துக்கொண்டு. வினாடி வினாவில் பத்துக்குப் பத்து வாங்கிய மாணவர்களும் அந்த வாரத்தில் மேசைக்கு வந்து நிற்பார்கள். மேசையில் யாரும் இருக்க மாட்டோம்.

அடுத்து மேசையைக் கவுன்டரோடு இணைப்பது. "வாசகரின் நேரத்தைச் சேமிக்கவே" இந்த ஏற்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது அது. அதே ரங்கநாதன்தான் உதவி மேசைப் பணியை, வாசகரையும் அவருக்குரிய நூலையும் ஒருவர் நேரில் நின்று சேர்த்துவைக்கும் தொண்டு என்று வரையறுத்தார். நான்காம் விதியை வைத்து அந்தத் தொண்டையே நிறுத்துவது அவருடைய விதிக்குச் செய்யும் நியாயம் அல்ல.

கவுன்டரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாண்டு மாணவர் முதலில் கேட்கும் கேள்வி அவருடைய கேள்வியாக இருப்பதே இல்லை. "அச்சு எடுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகும் நகராமல் நிற்பார். பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருப்பார். "எந்தப் பாடத்துக்கு?" என்று நாம் கேட்டால் மட்டும் மடித்து வைத்திருக்கும் அசைன்மென்ட் தாள் வெளியே வரும். பின்னால் ஆறு பேர் புத்தகத்தோடு வரிசையில் நின்றால் அந்தத் தாள் வெளியே வராது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருடைய கேள்வி உங்கள் எண்ணிக்கையில் "அச்சு இயந்திரம் பற்றிய விசாரணை" என்று பதிவாகும்.

அந்தத் தயக்கம் என் கற்பனை அல்ல. கான்ஸ்டன்ஸ் மெலன் என்ற நூலகவியல் ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது, அதுவும் எழுத்து வகுப்பு மாணவர்களைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளாகச் சுமார் 6,000 மாணவர்கள் எழுத்து வகுப்புகளில் தங்கள் தேடல் அனுபவத்தைக் குறிப்பேடாக எழுதினார்கள். 75 முதல் 85 விழுக்காட்டினர் நூலகத்தைப் பற்றிய தங்கள் முதல் உணர்வை அச்சம் என்றே விவரித்திருந்தார்கள். நூலகம் மிகப் பெரிது, எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, எப்படித் தொடங்குவது, என்ன செய்வது என்று தெரியவில்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. மற்ற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை, தெரியாதது வெட்கத்துக்குரியது, கேட்டால் வெட்ட வெளிச்சமாகிவிடும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் இந்த வெட்கம் இன்னும் ஆழமாக இருப்பதை நான் பார்க்கிறேன். வீட்டில் கேட்க ஆள் இல்லை, வகுப்பில் கேட்கக் கூச்சம். வகுப்பறைக்குள் வந்து அரை மணி நேரம் அவர்களோடு பேசிய நூலகரின் முகம் தெரிந்திருந்தால்தான் மேசைக்கு வருகிறார்கள். "அன்றைக்கு எங்கள் வகுப்புக்கு வந்தீர்களே" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நீங்கள் வகுப்பையும் எடுத்துவிடுகிறீர்கள், மேசையையும் எடுத்துவிடுகிறீர்கள்.

கேள்விகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. தொலைபேசி எண், நாட்டின் மக்கள்தொகை, ஒரு சொல்லின் பொருள் என்று முன்பு கேட்டவற்றையெல்லாம் இப்போது யாரும் நூலகரிடம் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை. மிஞ்சியிருப்பவை நீளமான கேள்விகள். கழிவறைக்கு வழி கேட்டதும் உங்கள் அட்டவணையில் ஒன்று, அந்த மாணவியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததும் ஒன்று. இப்படி எண்ணினால் எந்த ஆசிரியரின் வேலையும் குறைந்துகொண்டே போவதாகத்தான் தெரியும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரும் வருத்தம் தந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு எங்கள் வேலை குறையவில்லை, புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. இல்லாத கட்டுரைகளைத் தேடும் வேலை. ஒரு மாணவர் ஐந்து கட்டுரைகளின் பட்டியலைக் கொண்டுவந்து, "இவை எனக்குக் கிடைக்கவில்லை, எடுத்துத் தருவீர்களா?" என்றார். ஆசிரியர் பெயர்கள் உண்மையானவை, அதே துறையில் எழுதுபவர்கள். இதழ்களும் உண்மையானவை. தொகுதி எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இதழின் அந்தத் தொகுதியைத் திறந்தால் அந்தப் பக்கங்களில் வேறொருவரின் வேறொரு கட்டுரை. ஆய்விதழ்க் கட்டுரைக்குத் தனியே தரப்படும், பத்து என்ற எண்ணில் தொடங்கும் மின்னணு அடையாள எண்ணைப் (DOI) போட்டுப் பார்த்தால் ஒன்று எங்குமே போகவில்லை, இன்னொன்று சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போனது. அவர் ஏமாற்ற வந்தவர் அல்ல. ஏமாற்ற நினைப்பவர் எங்களிடம் வந்து தேடித் தரச் சொல்ல மாட்டார். அப்படி ஒரு பட்டியல் பொய்யாக இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தெரியாது. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் அனுபவமுள்ள வழக்கறிஞர்களே இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இதை அந்த ஒரு மாணவருக்கு மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. அவருடைய ஆசிரியர் அனுமதித்ததும், பெயரைச் சொல்லாமல், அதே போன்ற பட்டியலை வகுப்பில் வைத்தோம். மாணவர்களே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா, இருந்தால் அது நாம் சொல்வதைச் சொல்கிறதா, அதை இதழே பிற்பாடு செல்லாது என்று திரும்பப் பெற்றதா என்று மூன்று படிகள். மூன்றாம் படிக்கு நான் எப்போதும் ஒரே உதாரணத்தைக் காட்டுகிறேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அது இணையத்தில் கிடைக்கிறது, மேலே திரும்பப் பெறப்பட்டதற்கான குறியோடு. அதே கட்டுரையை மேற்கோள் காட்டும் எத்தனையோ வலைப்பக்கங்கள் அந்தக் குறியைக் காட்டுவதில்லை. வகுப்பில் இதைக் காட்டும்போது எழும் சலசலப்பை நீங்கள் ஒருமுறை வந்து கேட்க வேண்டும்.

இணையத்தளங்களை எடைபோடுவதும் அப்படித்தான். கல்வி ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் ஒரே தளங்களைக் கொடுத்தார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, வரலாற்று அறிஞர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று, அழகான முத்திரையையும் தளத்தின் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, வேறு பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இது ஒரு பழக்கம். பழக்கம் பயிற்சியால்தான் வரும், பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்கும்போதுதான் வரும்.

சுற்றறிக்கையில் ஒரு வரியில்கூட இடம்பெறாத இன்னொரு வேலை இருக்கிறது. நாங்கள் மாணவர்களுக்கு மட்டும் உதவுவதில்லை. அசைன்மென்ட் தாளைக் கொடுப்பதற்கு முன்பே பார்க்கிறோம். "இணையத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது" என்று தாளில் எழுதியிருந்தால் மாணவர் தரவுத்தளத்தையும் திறக்கப் பயப்படுகிறார், ஏனென்றால் ஆய்விதழ்கள் எல்லாம் இன்று திரையில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்வைப் பற்றி எழுதச் சொல்லி, ஐந்து சக மதிப்பாய்வுக் கட்டுரைகள், அதாவது அதே துறை அறிஞர்கள் படித்து ஏற்றுக்கொண்ட பிறகு இதழில் வந்தவை, வேண்டும் என்று கேட்டால் அப்படி ஐந்து கட்டுரைகள் உலகத்திலேயே இருக்காது. ஆய்வு நடந்து, மதிப்பாய்வு முடிந்து, இதழில் வர மாதங்கள் ஆகும், ஆண்டுகூட ஆகலாம். செய்தியறிக்கை எதற்கு, அரசு அறிக்கை எதற்கு, ஆய்விதழ் எதற்கு என்று ஆசிரியரோடு உட்கார்ந்து அந்தத் தாளை மாற்றி எழுதியிருக்கிறோம். ஒரு தாளில் இரண்டு வரி மாறினால் ஒரு வகுப்பு முழுவதும் ஒரு வாரத்து அலைச்சலிலிருந்து தப்பிக்கிறது. எழுத்து ஆசிரியர்கள் எங்களை அழைப்பதை நிறுத்தச் சொல்லும் உங்கள் முடிவு இந்த வேலையையும் சேர்த்தே நிறுத்துகிறது. அதை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கருத்துத் திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது கல்லூரி அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறது. முதலாண்டு மாணவர்களிடம் அது சிவப்பு நிறத்தில் காட்டும் பகுதிகளில் பெரும்பாலானவை, எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவைக்காமல் மூன்று வாரம் கழித்து மறந்துபோனவை. குறிப்பெடுக்கும்போதே தன் சொல்லையும் பிறர் சொல்லையும் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டவர்கள் அந்தச் சிவப்புக்குள் சிக்குவதில்லை. இதை எந்த மென்பொருளும் கற்றுக்கொடுக்காது. மாணவரை ஒழுங்கு விசாரணைக்கு அழைப்பதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியைக்கூட நாங்கள் இதற்காகக் கேட்கவில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன் இந்தச் சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எழுத்துப் பாட ஆசிரியர்கள் இருவரையும் நூலகர்கள் இருவரையும் முதலாண்டை இப்போது முடித்த மாணவர்கள் சிலரையும் அழைத்துக் கேளுங்கள். நாங்கள் இல்லாத இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிய முடிவு மறுபடியும் எடுக்கப்படக் கூடாது.

எழுத்துப் பாடத்தின் ஒவ்வொரு பிரிவிலும் நூலகரின் வகுப்பு குறைந்தது இரண்டு முறை இருக்க வேண்டும். ஒன்று மாணவர் தலைப்பைக் கேள்வியாக மாற்றும் வாரத்தில், மற்றொன்று முதல் வரைவு எழுதும் வாரத்தில். எந்த வாரம் என்பதை அந்தப் பிரிவின் ஆசிரியர் முடிவு செய்யட்டும், நேர அட்டவணை அலுவலகம் வேண்டாம். காணொளியை வைத்துக்கொள்ளுங்கள், நூலக விதிகளையும் நுழைவு முறையையும் அதில் சொல்லுங்கள். அதை நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

உதவி மேசையைக் கவுன்டரிலிருந்து தனியாக வையுங்கள், எதிரே இரண்டு நாற்காலிகளோடு. கட்டுரைகள் ஒப்படைக்கும் வாரங்களில் அதை மாலை நேரத்திலும் திறந்துவைக்க ஆள் கொடுங்கள், பகலில் வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு அந்த நேரம் மட்டுமே இருக்கிறது. கேள்விகளை எண்ணுவதானால் எவ்வளவு நேரம், எந்தப் பாடத்துக்காக என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பதிவு செய்யும் படிவத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.

முதலாண்டு எழுத்துப் பாடத்தின் பாடத்திட்டக் குழுவில் ஒரு நூலகருக்கு வாக்குரிமையுள்ள இடம் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கல்லூரி வகுக்கவிருக்கும் விதிமுறைகளை எழுதும் குழுவிலும் ஒருவரைச் சேருங்கள். இல்லாத மேற்கோளோடு வரும் மாணவரைத் தண்டிக்கும் முன், அவருக்குச் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி அந்த விதிமுறையில் இருக்க வேண்டும்.

உங்கள் முடிவு நிலைத்தே தீரும் என்றால், அதற்கு அடிப்படையான தரவுகளையும் கூட்டக் குறிப்புகளையும் ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். எழுத்துபூர்வமான பதிலை, சேர்க்கை தொடங்கும் முன், எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் உதவிப் பிரிவு நூலகர்